எக்ஸ்ட்ரா பெட்ரோல், எக்ஸ்ட்ரா டீசல்: கொடுக்கிற கூடுதல் காசுக்கு டெல்டாவில் வேலை இருக்கிறதா?

வெண்ணாறு:
வணக்கம். கேள்வி ஒன்றுதான், வண்டி மூன்று. 45 ஹெச்பி டிராக்டர், டீசலை இஞ்சினுக்கு அழுத்தி அனுப்ப பழைய இன்லைன் பம்ப். 2012 மாடல் கார்புரேட்டர் பைக். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார். மன்னார்குடி பக்கம் சாதா பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரீமியம் என்று சொல்லும் 95 ஆக்டேன் எக்ஸ்ட்ரா பெட்ரோல் அதற்கு மேல் 7 ரூபாய். டீசல் 94, எக்ஸ்ட்ரா டீசல் மூன்றரை ரூபாய் கூட. சம்பா உழவு பிடித்துவிட்டால் டிராக்டருக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் போகும். அப்படியென்றால் நாளைக்கு 140 ரூபாய் கூடுதல். எதற்குப் போடலாம், எதற்குப் போட்டால் வீண்? கணக்கோடு சொல்லுங்கள்.

டர்போகுடந்தை:
பெட்ரோல் வண்டி இரண்டுக்கும் நான் சொல்கிறேன், டிராக்டருக்கு இன்லைன் அண்ணன் வருவார்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லை, பொறுமை. பிஸ்டன் மேலே ஏறி பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை அழுத்தும்போது சூடு ஏறுகிறது. பிளக் பொறி விட்டு, அந்தத் தீ ஒழுங்காகப் பரவி முடிவதற்குள், ஓரத்தில் இருக்கும் கலவை பொறுக்காமல் தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரைத் திருகினால் டின்னில் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி கேட்குமே, அந்தச் சத்தம். 91, 95, 100 எல்லாம் எவ்வளவு அழுத்தம் வரை பொறுக்கும் என்ற அளவு. 100 ஆக்டேன் பெட்ரோலுக்குள் கூடுதலாக வெப்ப சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

உங்கள் பைக்கை எடுங்கள். 91-க்கு வடிவமைத்த இஞ்சின். அதில் நாக் சென்சார் கிடையாது. டேங்கில் என்ன ஊற்றியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது, பொறி விடும் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. 91-லேயே நாக்கிங் இல்லாத இஞ்சினுக்கு 95-ன் கூடுதல் பொறுமை எதற்கு? நாக்கிங் கேட்டால், பெட்ரோலை மாற்றுவதற்கு முன்னால் பிளக் சூடு எண் சரியா, பிஸ்டன் தலையில் கரி ஏறியிருக்கிறதா, கலவை மெலிந்து, அதாவது பெட்ரோல் குறைந்து, ஓடுகிறதா என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

டர்போ கார் வேறு. நாக் சென்சார் சத்தத்தைப் பிடித்ததும் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும், அதில் இழுவை கொஞ்சம் போகும். 95 ஊற்றினால் அவ்வளவு தாமதிக்க வேண்டியிருக்காது. நாலு பேர், ஏசி, மே மாத வெயில், ஏற்காடு அல்லது கொடைக்கானல் ஏற்றம் என்றால் வித்தியாசம் காலுக்கே தெரியும். ஆனால் நம் ஊரில் மேடு எங்கே இருக்கிறது? மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போனால் ஏறுகிற ஒரே ஏற்றம் வாய்க்கால் பாலம். பாதி ஆக்சிலரேட்டரில் 70-ல் போகும் கார் நாக்கிங் எல்லைக்குப் பக்கத்திலேயே வராது.

7 ரூபாய் கூடுதல் என்பது 102-க்கு 6.9 சதவீதம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 16 கொடுத்தால்தான் போட்ட காசு திரும்பும். சமதரையில் ஆக்டேன் மட்டும் அவ்வளவு தராது. மலைப் பயணத்துக்கு ஒரு டேங்க் போடுங்கள், மற்ற நாளில் சாதா போதும். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் குறைந்தபட்சம் 95 என்று எழுதியிருந்தால் மட்டும் இந்தப் பேச்சு செல்லாது. கட்டாயம் 95-தான்.

இன்னொன்று. அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு அங்கே 87 ஊற்றுகிறார்கள், நம்மிடம் 91 இருக்கிறது என்று சிலர் ஒப்பிடுகிறார்கள். அளக்கும் முறையே வேறு. அவர்களுடைய 87 ஏறக்குறைய நம்முடைய 91.

அரசலாறு:
கம்ப்ரஷன், அதாவது இஞ்சின் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற எண், 11-க்கு மேல் இருந்தால் 95 கட்டாயம் என்று பல பேர் சொல்கிறார்களே?

டர்போகுடந்தை:
அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது தம்பி. மாருதியின் கே12என் இஞ்சின் 12:1, சாதா பெட்ரோலிலேயே ஓடும்படி செய்தது. எரியறையின் வடிவம், குளிர்விக்கும் விதம், வால்வு நேரம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம்.

நாசில்22:
டர்போகுடந்தை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இப்போது பங்கில் வரும் சாதா பெட்ரோல் பழைய 91 இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலின் ஆக்டேன் 108-ஐத் தாண்டும். பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் 91 ஆக இருந்தது, 20 சதவீதக் கலப்பில் 95 ஆகியிருக்கிறது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் அறிக்கை விட்டது. அப்படியானால் 7 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கும் 95-க்கும் சாதாவுக்கும் இடையில் ஆக்டேன் இடைவெளி ரொம்பவும் சுருங்கிவிட்டது. மிச்சம் இருப்பது கரி ஏறாமல் தடுக்கும் சுத்திகரிப்பு மருந்து. காசு கொடுக்கிறவர் அதற்குத்தான் கொடுக்கிறார் என்று தெரிந்து கொடுக்கட்டும்.

நம் டெல்டாக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: கரும்பு மொலாசஸ் மட்டுமில்லை, இந்திய உணவுக் கழகத்தின் அரிசியும் எத்தனால் ஆலைக்குப் போகிறது. நாம் விளைவிக்கிற பொருள் பெட்ரோல் டேங்க் வரைக்கும் வந்துவிட்டது.

95 வாங்கினால் எத்தனால் இருக்காது என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. அதிலும் கலப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். கோடு போட்ட 100 மில்லி கண்ணாடி உருளையில் 50 மில்லி பெட்ரோல், 50 மில்லி தண்ணீர். மூடிக் குலுக்கி, மூடியை மெதுவாகத் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்விடும். அடியில் நிற்கும் தண்ணீர் 60 மில்லி கோட்டுப் பக்கம் ஏறியிருந்தால் 10 மில்லி எத்தனால், அதாவது 20 சதவீதம். 50-லேயே நின்றால் எத்தனால் இல்லை. இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். அடுப்பு, பீடி, ஓடும் மோட்டார் எதுவும் பக்கத்தில் கூடாது.

வயலோரம்:
2012 பைக்குக்கு இந்த எத்தனாலே பிரச்சினை இல்லையா? 95 போட்டால் ரப்பர் தப்பிக்குமா?

நாசில்22:
தப்பிக்காது. 95-லும் எத்தனால் இருக்கிறதே. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் பெட்ரோல் படும் பாகங்கள் எல்லாம் 20 சதவீதத்தைத் தாங்கும்படி வருகின்றன. 2012 வண்டியில் செய்ய வேண்டிய வேலை இது. பெட்ரோல் டியூபை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு விட்டிருந்தாலோ, ஊறிப் பருத்து நழுவினாலோ, எத்தனால் தாங்கும் டியூபாக மாற்றுங்கள். மிதவைக் கிண்ணத்தின் கேஸ்கட், ஊசி வால்வின் ரப்பர் நுனி இரண்டும் சேர்த்து. கார்புரேட்டர் வண்டி எத்தனாலில் கலவை மெலிந்து ஓடும். காலையில் ஸ்டார்ட் தகராறு, ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட் என்று வெடிப்பு என்றால், கலவைத் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகச் செழிப்பான பக்கம் திருப்பி, ஐடில் சீராகிற இடத்தில் நிறுத்துங்கள்.

மைலேஜ் குறையும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதத்துக்குச் சரிசெய்யாத வண்டியில் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்பதை அரசுத் தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த இழப்பைப் பிரீமியம் ஈடுகட்டாது.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு ஒரு ஆபத்து. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் வரை கரைத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் உட்காரும். டேங்க் அடியில்தானே குழாய் இருக்கிறது, இஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான். மழையில் நின்ற பைக் அரை கிலோமீட்டர் ஓடி நின்றால், மிதவைக் கிண்ணத்தின் வடிதிருகை அவிழ்த்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். கீழே முத்து முத்தாக உருண்டால் தண்ணீர். டேங்கை முழுசாக வடித்துக் காயவைக்காமல் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்க் மூடி ரப்பர் இருபது, முப்பது ரூபாய்ச் சமாசாரம். 95-க்குக் கொடுக்கிற ஏழு ரூபாயை நாலு லிட்டருக்கு மிச்சம் பிடித்தால் அது வந்துவிடும்.

நாற்று நடும் மிஷின், புல் வெட்டும் மிஷின் வைத்திருக்கிறவர்களும் கேளுங்கள். குறுவைக்கு ஓட்டியதைச் சம்பா வரை பெட்ரோலோடு நிறுத்தாதீர்கள். டேங்கை வடித்து, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிட்டு வையுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் மிஷினில் 50:1 என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், 40:1 என்றால் 25 மில்லி. அதில் பிரீமியம் பெட்ரோல் ஊற்றுவதால் ஒரு லாபமும் இல்லை. கலந்த அன்றைக்கே தீர்க்கிற அளவுக்குக் கலப்பதுதான் லாபம்.

இன்லைன்_பம்ப்:
டிராக்டருக்கு வருகிறேன். டீசலில் ஆக்டேன் பேச்சே கிடையாது, அங்கே சீட்டேன். தெளித்த டீசல் எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றுகிறது என்ற அளவு. பிஎஸ்6 சாதா டீசலுக்கே குறைந்தபட்சம் 51 இருக்க வேண்டும். உங்கள் இன்லைன் பம்ப் வகை இஞ்சின்கள் வடிவமைத்த காலத்தில் நாட்டில் ஓடிய டீசல் 48-ம் அதற்குக் கீழும். அதாவது சாதாவே அந்த இஞ்சின் கேட்டதற்கு மேல்தான் இருக்கிறது. சீட்டேன் கூடினால் குளிரில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் தட்டல் குறையும். மார்கழிப் பனியிலும் 18, 20 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் குளிர் ஸ்டார்ட்டுக்காகக் காசு கொடுப்பானேன்?

எக்ஸ்ட்ரா டீசலில் உருப்படியான சரக்கு அதன் சுத்திகரிப்பு மருந்து. இஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலின் துளையைச் சுற்றிப் படியும் கரியை அது மெல்லக் கரைக்கும், புதிதாகப் படியவிடாது. இரண்டாயிரம் பார் அழுத்தத்தில், முடி அளவுத் துளை வழியாகத் தெளிக்கும் காமன் ரெயில் இஞ்சினுக்கு அது அர்த்தமுள்ள செலவு. உங்கள் டிராக்டர் நாசில் திறப்பது மாடலுக்கேற்ப 180 முதல் 250 பாரில். ஊசி தேய்ந்து சொட்டும் நாசிலை எந்த மருந்தும் சரி செய்யாது. டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் நாலு நாசிலையும் டெஸ்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு துளையிலும் ஒரே மாதிரி பூமழையாக வர வேண்டும். நுனியில் சொட்டு தொங்கக் கூடாது. ஒரு நாசில் குறைந்த அழுத்தத்தில் திறந்தால் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிக்கட்டுவார்கள். டெஸ்டர் தெளிக்கும்போது கையை முன்னால் நீட்டவே கூடாது. தோலைத் துளைத்து டீசல் உள்ளே போய்விடும், அறுவை சிகிச்சை வரைக்கும் கொண்டுபோகும்.

புகையைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. ரோட்டவேட்டர் சேற்றில் இறங்கியதும் ஒரு கணம் கறுத்துத் தெளிந்தால் பரவாயில்லை. கறுப்புப் புகை விடாமல் வந்துகொண்டே இருந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். முதலில் ஆயில் பாத் ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். அறுவடைக் காலத்தில் நெல் சுணையும் தூசியும் ஏறி, கிண்ணத்து ஆயில் களி மாதிரி கெட்டியாகிக் கிடக்கும். அந்த நாட்களில் தினமும் பார்க்க வேண்டும், கோடு வரை புது ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் இஞ்சின் ஆயிலை உறிஞ்சும், அதுவும் கெடுதல். நீலப் புகை ஆயில் எரிவது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசலில் தண்ணீர், அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

கணக்கு: மூன்றரை ரூபாய் 94-க்கு 3.7 சதவீதம். சேற்றுழவில் மணிக்கு 5 லிட்டர் குடிக்கும் டிராக்டர் 180 மில்லி சொச்சம் மிச்சம் பிடித்தால் காசு சமம். அடைத்த ஏர் கிளீனரும் சொட்டுகிற ஒரு நாசிலும் சேர்ந்து அதைவிடக் கூடுதலாகவே குடிக்கும். அந்த 140 ரூபாயை ஒவ்வொரு நாளும் எடுத்து வையுங்கள். பத்து நாளில் 1,400. ஃபில்டர் செலவுக்கு அது போதும்.

கொள்ளிடக்கரை:
அண்ணே, ஒரு மறுப்பு. பிஎஸ்6 டீசல் காருக்கும் இதே பதிலா? கரி வடிகட்டி அடைத்துக்கொண்டு லைட் எரிகிறது. எக்ஸ்ட்ரா டீசலில் புகைக்கரி குறையும் என்கிறார்களே.

இன்லைன்_பம்ப்:
காருக்கு நான் தடுக்க மாட்டேன். நாசில் சுத்தமாக இருந்தால் கரி குறைவாகத்தான் வரும். ஆனால் டிபிஎஃப் என்ற அந்தக் கரி வடிகட்டி அடைப்பதற்கு முதல் காரணம் ஓட்டும் விதம். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து கோயில் என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓட்டினால் கரி எரிகிற சூடு வரவே வராது. வாரத்தில் ஒரு நாள் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரை 60-க்குக் குறையாமல் ஒரே சீராக ஓட்டுங்கள். வடிகட்டி தன் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது இஞ்சினை நிறுத்தாதீர்கள். டீசலில் 2டி ஆயில், மண்ணெண்ணெய் எதுவும் கலக்கவே கூடாது. 2டி ஆயிலின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு இல்லை, பம்ப் தேயும். ஆட்ப்ளூ வண்டி வைத்திருப்பவர்கள் மூட்டை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றாதீர்கள். அது 32.5 சதவீதம் சுத்த யூரியா, அயனி நீக்கிய நீரில். உர யூரியாவில் இருக்கும் மற்ற பொருள்கள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டைக் கொன்றுவிடும்.

அரசலாறு:
எனக்கென்னவோ பெட்ரோல் காருக்கும் மருந்து நல்லதுதான் என்று தோன்றுகிறது. எல்லோரும் ஒரேயடியாக வீண் என்கிறீர்கள்.

டர்போகுடந்தை:
வீண் என்று சொல்லவில்லை. இஞ்செக்டர் வால்வுக்கு முன்னால் தெளிக்கும் வகை என்றால், மருந்து கலந்த பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டேதான் போகும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தொடர்ந்து இரண்டு டேங்க் போடுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன். நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் ஜிடிஐ வகையில் பெட்ரோல் வால்வில் படுவதே இல்லை. அங்கே வால்வில் ஏறும் கரியை எந்த பங்க்கு மருந்தும் தொடாது, இஞ்செக்டர் நுனியை மட்டும்தான் சுத்தமாக வைக்கும். வெண்ணாறு சார், உங்கள் டர்போ இரண்டில் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால் சரியாகச் செய்யுங்கள். ஒரே பங்க், ஒரே நாசில், ஆட்டோ கட் முதல் தடவை விழுந்ததும் நிறுத்தம், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். டயர் காற்று காலையில் குளிர்ந்திருக்கும்போது பிடித்தது. சாதா மூன்று டேங்க், 95 மூன்று டேங்க், திரும்ப சாதா மூன்று டேங்க். கடைசி மூன்றுதான் முக்கியம். 95-ல் ஏறிய மைலேஜ் சாதாவுக்குத் திரும்பியதும் இறங்காவிட்டால், ஏற்றியது பெட்ரோல் இல்லை, சாலையோ சீசனோ. டேஷ்போர்டு காட்டுகிற எண்ணை நம்பாதீர்கள். லிட்டரும் கிலோமீட்டரும் நோட்டில் எழுதுங்கள்.

கடைமடை:
நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்கள் காரைக்காலில் போய் 95 போடலாம் என்று கிளம்புகிறார்கள். புதுச்சேரி வரி குறைவு, அங்கே 95-ன் விலை ஏறக்குறைய நம் சாதா விலை, உண்மைதான். ஆனால் கணக்குப் போடுங்கள். 35 லிட்டருக்கு லிட்டருக்கு ஐந்தரை ரூபாய் மிச்சம் என்றால் 190 ரூபாய் சொச்சம். நாகப்பட்டினத்திலிருந்து போய்வர 40 கிலோமீட்டர். 15 கொடுக்கும் காருக்கு அதுவே 270 ரூபாய். அந்த வழியாகப் போகிற வேலை இருந்தால் மட்டும் போடுங்கள். கேனில் பிடித்து வீட்டில் சேர்க்கும் வேலை வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைக்கலாம் என்று சட்டம் விடும் பெட்ரோலின் அளவே 30 லிட்டர்தான். ஓலைக் கொட்டகையில் அதுவும் ஆபத்து.

வயலோரம்:
சில பங்க்கில் சாதா தீர்ந்துவிட்டது, பிரீமியம்தான் இருக்கிறது என்று சொல்லி ஊற்றிவிடுகிறார்கள். கேட்காமலே அந்த நாசிலை எடுப்பதும் உண்டு.

நாசில்22:
மீட்டரில் பூஜ்யத்தைப் பார்ப்பதோடு லிட்டர் விலையையும் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சாதா இல்லை என்றால் இருப்புப் பலகையைக் காட்டச் சொல்லலாம். புகார்ப் புத்தகம் கேட்டால் கொடுத்தாக வேண்டும், விற்பனை அதிகாரியின் எண் பங்க்கில் எழுதியிருக்கும். அளவில் சந்தேகம் வந்தால் முத்திரை வைத்த 5 லிட்டர் கேனில் பிடிக்கச் சொல்லுங்கள். 25 மில்லி வரைதான் குறையலாம்.

தரத்துக்கு அடர்த்திச் சோதனை. 500 மில்லி ஜாடி, ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் எல்லாப் பங்க்கிலும் இருக்கும். படிக்கும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது, 15 டிகிரிக்கு மாற்ற வேண்டும். 35 டிகிரியில் 0.730 காட்டும் பெட்ரோல் 15 டிகிரிக்கு 0.747 பக்கம் வரும். அன்றைய பதிவேட்டு எண்ணோடு 0.003-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேளுங்கள். பிரீமியம் மெதுவாக விற்கும் சிறிய பங்க்கில் சரக்கு நாள்கணக்கில் நிலத்தடி டேங்கில் நிற்கும். மழைக்காலத்தில் அங்கே விலை உயர்ந்ததை வாங்குவதைவிட, வேகமாக விற்றுத் தீரும் பங்க்கில் சாதா வாங்குவதே மேல்.

வெண்ணாறு:
தெளிவாகிவிட்டது. பைக்குக்கு டியூபும் மூடி ரப்பரும், காருக்கு மலைப் பயணத்துக்கு மட்டும் 95, டிராக்டருக்கு நாசில் சோதனை. கடைசியாக ஒன்று. உழவுக்கு 200 லிட்டர் பேரலில் டீசல் பிடித்து வைக்கிறோம். அதில் என்ன கவனிக்க வேண்டும்?

இன்லைன்_பம்ப்:
டெல்டாவில் பம்ப் கெடுவதற்கு முதல் இடமே அந்தப் பேரல்தான். நிமிர்த்தி வைத்த பேரலின் மேல்மூடிக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது பேரல் மூச்சு இழுக்கும், மரையின் வழியாக அந்தத் தண்ணீர் உள்ளே போகும். கூரைக்குக் கீழே, இரண்டு மரக்கட்டை மேல், வாய் ஓரம் உயரமாக இருக்கும்படி லேசாகச் சாய்த்து வையுங்கள். இறக்கியதும் எடுக்காதீர்கள், ஒரு ராத்திரி தெளியட்டும். கைப்பம்பின் குழாய் நுனி அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே நிற்கும்படி வெட்டுங்கள். அடியில் நிற்கும் அந்தக் கடைசி டீசலை வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கலாக இருந்தால் தண்ணீர். டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் பழுப்பாக வழுவழுவென்று பாசி மாதிரி இருந்தால் அது டீசலில் வளரும் கிருமி, ஃபில்டரை ஒரே நாளில் அடைக்கும். பேரலைக் கழுவிக் காயவைக்காமல் மேலே புதிதாக ஊற்றாதீர்கள்.

டிராக்டர் டேங்கைச் சாயங்காலம் வேலை முடிந்ததும் நிரப்புங்கள். வெற்றிடம் இருந்தால் ராத்திரி ஈரம் உள்சுவரில் வேர்த்து இறங்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் ஃபில்டர் கிண்ணத்தின் வடிதிருகைத் திறந்து, சுத்தமான டீசல் வரும் வரை விடுங்கள். ஃபில்டர் மாற்றிய பிறகு காற்று எடுக்க, ஃபில்டர் தலையில் உள்ள போல்ட்டைத் தளர்த்திக் கைப்பிரைமரை அடியுங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கிவிட்டு, அதே மாதிரி பம்ப் திருகிலும். அப்படியும் பிடிக்காவிட்டால் நாசில் பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துள்ளி வந்ததும் இறுக்குங்கள். துணியை மேலே போட்டுக்கொண்டு செய்யுங்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.